புதுப்பிப்பு: மாமாவின் வயிற்றுப்போக்கு, காரணம் பிடிபட்டது

போன மாதம் கேட்டிருந்தேனே, எச்ஐவி உள்ள மாமாவுக்கு ஆறு வாரமாகத் தண்ணீராகப் போகிறது, 9 கிலோ இளைத்துவிட்டார், மலப் பரிசோதனை இரண்டு தடவையும் ‘ஒன்றுமில்லை’ என்று வந்தது என்று. அதன் தொடர்ச்சி இது.

ஒன்றுமில்லை என்று வந்ததில் ஆச்சரியமே இல்லையாம். காரணம் சிஸ்டோஐசோஸ்போரா என்ற குடல் ஒட்டுண்ணி. வழக்கமான சோதனையில் அது எளிதாகத் தப்பிவிடும். ஏஆர்டி (எச்ஐவியைக் கட்டுப்படுத்தும் மருந்துகள்) மையத்து டாக்டர், ஆசிட் ஃபாஸ்ட் சாயம் போட்டுப் பார்க்கும்படி சீட்டிலேயே தனியாக எழுதிக் கொடுத்தார். டிபி கிருமியைத் தேடச் சளிக்குப் போடுவார்களே, ஏறக்குறைய அதே சாயம். மூன்று நாள் மாதிரி கொடுத்தோம். மூன்றாவதில்தான் சிக்கியது: சிஸ்டோஐசோஸ்போரா.

பெயரைக் கேட்டு அத்தை அழுதுவிட்டார். எனக்கோ நிம்மதி. இதேபோல் வயிற்றுப்போக்கு தரும் இன்னொரு ஒட்டுண்ணியான கிரிப்டோஸ்போரிடியமாக இருந்திருந்தால் அதற்கு நம்பகமான மருந்தே கிடையாது. ஏஆர்டியால் எதிர்ப்பு சக்தி ஏறும்வரை காத்திருக்க வேண்டும். இதற்குப் பழைய, மலிவான கோட்ரைமாக்சசோல் என்ற சல்ஃபா மாத்திரை போதும். சல்ஃபா ஒவ்வாமை உண்டா என்று கேட்டுவிட்டு 10 நாள் கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் மாமா ரசம் சாதம் கேட்டார்!

கடையில் நானாக வாங்கிக் கொடுத்த மெட்ரானிடசோல் மாத்திரை இந்த ஒட்டுண்ணிக்கு வீண். திட்டு வாங்கினேன், நியாயம்தான்.

அந்த 10 நாள் முடிந்தும் கோட்ரைமாக்சசோல் இன்னும் நிற்கவில்லை. நிறுத்தினால் திரும்ப வருமாம். சிடி4 (எதிர்ப்பு சக்தி தரும் செல்களின் எண்ணிக்கை) இப்போது 84. அது 200-ஐத் தாண்டி ஆறு மாதம் நிலைக்கும்வரை வாரம் மூன்று நாள் தொடர வேண்டும். ஏஆர்டியும் விடாமல் போகிறது. குடிக்கக் கொதிக்கவைத்த தண்ணீர்தான், டீக்கடைத் தண்ணீருக்கு அத்தை தடா போட்டுவிட்டார்.