பாம் (Palm) கையடக்க டைரிக் கருவி வைத்திருந்தவர்கள் வாங்க: சிங்க் செய்து மாட்டிக்கொண்ட கதைகள்

பரணைச் சுத்தம் செய்தபோது என் பழைய பாம் ஃபைவ் கிடைத்தது, கணினியோடு இணைக்கும் தாங்கியான கிரேடிலோடு. 1999-இல் வந்த மாடல், நான் வாங்கியது 2001-இல். ஆன் ஆகவில்லை. பாமை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ் முதலில் மாதிரிக்கு ஒரு மரக்கட்டையைத்தான் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தாராம், என்னுடையது இப்போது அந்த நிலைக்கே திரும்பிவிட்டது. இருந்தாலும் கையில் எடுத்ததும் கட்டைவிரல் தானாகக் கிரேடிலில் இருக்கும் ஹாட்சிங்க் பட்டனைத் தேடிப் போகிறது. அதை அழுத்தினால் பாமில் இருப்பதும் கணினியில் இருப்பதும் ஒன்றாகிவிடும், அதுதான் சிங்க். அந்தப் பட்டனை நம்பி சிங்கப்பூரில் மானம் போன கதையைச் சொல்கிறேன்.

அப்போது சென்னையில் வேலை. ஆபீஸ் கணினியில் டைரியும் முகவரிகளும் வைக்கிற அவுட்லுக் மென்பொருள், பயணத்துக்குத் தந்த லேப்டாப்பிலும் அவுட்லுக், இரண்டோடும் ஒரே பாமை சிங்க் செய்துகொண்டிருந்தேன். ஒரே கணினி என்றால் கடைசி சிங்குக்குப் பிறகு மாறிய பதிவுகள் மட்டும் போய் வரும், சில நொடிகளில் வேலை முடிந்துவிடும். நடுவில் வேறு கணினியைத் தொட்டுவிட்டு வந்தால் அப்படி விடாது, ஒவ்வொரு பதிவாக எடுத்து ஒப்பிட ஆரம்பிக்கும். நேரம் பிடிக்கிற தொல்லை என்பதற்கு மேல் நான் அதைப் பற்றி யோசித்ததில்லை.

கிளம்பும் முன் சென்னையில் உட்கார்ந்தபடியே, சிங்கப்பூர் நேரத்தை மனதில் வைத்து, காலை 10 மணிக்கு மீட்டிங் என்று எழுதி வைத்தேன். போய் இறங்கிய இரவு, பொறுப்பான ஆள் மாதிரி, லேப்டாப் கடிகாரத்தை அந்த ஊருக்கு மாற்றினேன். நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். அவுட்லுக் உள்ளே உலகப் பொது நேரத்தில்தான் கணக்கு வைத்திருக்கும், ஊரை மாற்றினால் காட்டுகிற நேரமும் மாறும். அதன் கணக்கில் தப்பே இல்லை, சென்னையில் 10 என்றால் அங்கே 12.30. அந்தக் காலத்துப் பாமுக்கோ ஊர் வித்தியாசமே கிடையாது, 10 என்று எழுதினால் எங்கே போனாலும் 10. இரண்டும் இப்படி வேறு வேறு நேரம் சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் போய் பட்டனை அழுத்தினேன். ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்து, லேப்டாப்பில் இருந்த நேரத்தையே பாமிலும் எழுதிவிட்டது.

காலையில் எடுத்துப் பார்த்தால் 12.30. அட, இவ்வளவு நேரம் இருக்கிறதே என்று சிராங்கூன் சாலையில் சாவகாசமாக ரவா தோசை சாப்பிட்டு, இரண்டாவது காபி சொல்லும்போது போன் அடித்தது. மணி 10.20. ராஃபிள்ஸ் பிளேஸில் நாலு பேர் எனக்காக உட்கார்ந்திருந்தார்கள். அன்றிரவுதான் கவனித்தேன், முழு நாளுக்குப் போட்டிருந்த பிறந்த நாள் எல்லாம் அதிகாலை 2.30-இல் தொடங்கி மறுநாள் 2.30 வரை நீண்டு கிடந்தது. மாமியாருக்கு இரண்டு நாள் பிறந்த நாள்!

உங்கள் கதையையும் சொல்லுங்கள்.

* * *

சார், என்னிடம் இருந்தது பாம் த்ரீ. அதில் இரண்டு டிரிபிள் ஏ பேட்டரி, அது தீர்ந்தால் உள்ளே இருப்பதும் போச்சு. பழையதை எடுத்த கையோடு புதிதைப் போட்டாக வேண்டும். தங்கை கல்யாண வேலையாகக் கும்பகோணத்தில் அலைந்துகொண்டிருந்தேன், பேட்டரி குறைவு என்று அது இரண்டு நாளாகச் சொல்லியும் கண்டுகொள்ளவில்லை. மூன்றாம் நாள் சுத்தமாகத் துடைத்துவிட்டது. வீட்டுக்கு வந்து கிரேடிலில் வைத்ததும் அட்ரஸ், டைரி எல்லாம் திரும்ப வந்தது, அந்த நிம்மதியை மறக்க முடியாது. ஆனால் கடைசி சிங்க் ஆறு நாளுக்கு முன்னால். அந்த ஆறு நாளில்தான் சமையல்காரர், மேளம், பந்தல் என்று யார் யாருக்கு எவ்வளவு அட்வான்ஸ் கொடுத்தேன் என்பதை எல்லாம் மெமோவில் எழுதியிருந்தேன். கடைசியில் அவரவர் சொன்ன கணக்கை நம்பிக் கொடுத்தோம். பந்தல்காரர் மட்டும் இரண்டு தடவை வாங்கினார் என்று அப்பா இன்னமும் சொல்லுவார்.

* * *

நான் மாட்டியது செட்டிங்கில். கருவியில் இருப்பதைக் கணினியில் அப்படியே மேலெழுது என்று ஒன்று இருக்குமே, அவசரத்துக்கு ஒரு நாள் அதைத் தேர்ந்தெடுத்தேன், கூடவே எப்போதும் இதுவே என்ற டிக்கையும் போட்டுத் தொலைத்தேன். பாமில் ஒரு ஆளுக்கு ஐந்து எண்தான் வைக்க முடியும், மின்னஞ்சல் முகவரியும் அந்த ஐந்துக்குள்தான். அவுட்லுக்கில் துபாய் எண், ஊர் எண், கடை எண் என்று ஒவ்வொருவருக்கும் ஏழெட்டு ஏற்றியிருந்தேன். ஐந்துக்கு மேல் இருந்ததெல்லாம் போய்விட்டது என்று ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. யாரைக் குறை சொல்ல, டிக் போட்டது என் கைதானே.

* * *

பந்தல்காரர் கதைக்குச் சிரித்து முடிக்கவில்லை! பரணில் கிடைத்த என் பாம் ஃபைவை நேற்று சார்ஜ் ஏற்றிப் பார்த்தேன், ஆன் ஆகிவிட்டது. உள்ளே ஒன்றுமில்லை, புதிதாக வாங்கியது போல முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. திரையில் ஒரு சின்னக் குறியைக் காட்டி, கூடவே வரும் எழுதுகுச்சியால் நடுவில் தொடு என்கிறது. குச்சியைத்தான் காணோம்.