சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தும் தோட்டத்துப் பையன்களுக்கு எந்தத் தொழிற்பயிற்சி பொருந்தும்?

கேள்வி: அக்கரப்பத்தனை ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். தோட்டப் பாடசாலையொன்றில் பத்தாம், பதினோராம் தரங்களுக்குக் கணிதம் கற்பிக்கிறேன். சாதாரண தரப் பரீட்சை முடிந்ததுமே பையன்களில் பலர் கொழும்புக்குப் பஸ் ஏறிவிடுகிறார்கள். புறக்கோட்டைப் புடைவைக் கடையிலோ வெள்ளவத்தைச் சாப்பாட்டுக் கடையிலோ தங்க இடமும் மூன்று வேளைச் சாப்பாடும் கிடைப்பதால் பெற்றோரும் தடுப்பதில்லை. தீபாவளிக்குப் புதுச் சட்டையும் கைப்பேசியுமாக லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, திரும்பும் அண்ணனைப் பார்த்துத் தம்பியும் அடுத்த வருடம் கிளம்புகிறான். வருடங்கள் போனாலும் அவர்கள் கையில் தொழில் என்று சொல்ல ஒன்றும் இருப்பதில்லை. கணிதத்தில் சித்தியடையாதவர்களை எந்தப் பயிற்சிக்கு அனுப்பலாம்? சிங்களம் தெரியாமல் சேர முடியுமா?

பதில் 1: தொழிற்பயிற்றுநர், ஹட்டன்

ஆசிரியர் அவர்களுக்கு, பாடநெறியின் பெயரைப் பார்ப்பதற்கு முன், அதன் முடிவில் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ், அதாவது எல்லாரும் என்.வி.கியூ. என்று சொல்வது, எந்த மட்டத்தில் கிடைக்கும் என்று கேளுங்கள். ஏழு மட்டங்களில் நான்கு வரை சான்றிதழ்; ஐந்தும் ஆறும் டிப்ளோமா; ஏழு பட்டத்துக்குச் சமம். நான்காம் மட்டம் இருந்தால் தனியாக நின்று வேலை செய்யக்கூடியவன் என்று பொருள். மேலே படிக்கவும் வழி திறந்திருக்கும். எந்த மட்டத்திலும் சேராத ஆறு மாத கணினிச் சான்றிதழ்களுக்குக் கடன் வாங்கிக் காசு கட்டும் பெற்றோரைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்கள் உண்டு. வேலைத்தளத்திலேயே பழக விரும்புகிறவர்களுக்கு நைட்டா என்று சொல்லும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையின் பயிலுநர் பயிற்சி உண்டு. குடும்பத்தை விட்டுத் தூரம் போகத் தயாரானவர்களுக்கு, கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் உண்டு.

ஆனால் பையன்கள் இடையில் விலகுவது பாடம் கடினம் என்பதற்காக அல்ல. டயகமவிலிருந்து தலவாக்கலைக்கு வந்து அங்கிருந்து ஹட்டனுக்கு இன்னொரு பஸ் ஏறுகிறவன், பஸ் காசு தீர்ந்த வாரத்தில் வராமல் நின்றுவிடுகிறான். அதே வாரத்தில் கொழும்பிலிருந்து நண்பன் அழைக்கிறான். முதல் மூன்று மாதத்துக்குப் போக்குவரத்துச் செலவை யாராவது பொறுப்பேற்றால் பெரும்பாலானோர் நிலைத்துவிடுவார்கள் என்பதே என் அனுபவம். சிங்களத்தைப் பொறுத்தவரை, தமிழில் நடக்கும் வகுப்பு எந்த நிலையத்தில் உண்டு என்று விண்ணப்பிக்கும் முன்பே கேட்டறியுங்கள். என்னிடம் வந்த ஒருவன், தந்தை தொழிற்சாலையில் ஃபிட்டர் என்பதால், மோட்டாரைக் கண்ணை மூடிக்கொண்டே கழற்றிப் பூட்டுவான். சிங்களத்தில் அச்சிட்ட வேலைத்தாளை நீட்டினால் மட்டும் கை நின்றுவிடும். பேச்சுச் சிங்களம் எல்லாருக்கும் வரும், எழுத்துதான் சிக்கல். அதைப் பாடசாலையிலேயே இரண்டாம் மொழியாகக் கவனித்தால் பாதிச் சுமை குறையும்.

பதில் 2: பண்டாரவளை வெல்டர்

நானும் கடையில் நின்றவன்தான். ஏற்கெனவே கொழும்புக்குப் போய் ஏதாவது பட்டறையில் வேலை பழகியவர்களையும் கைவிட்டுவிடாதீர்கள். வேலை தெரிந்தவர்கள் வகுப்புக்குப் போகாமலே மதிப்பீட்டுக்கு விண்ணப்பித்து அதே என்.வி.கியூ. சான்றிதழைப் பெறலாம். என்னை மதிப்பிட வந்தவர் இரண்டு இரும்புத் தகடுகளைக் கொடுத்து ஒட்டச் சொன்னார்; சுத்தியலால் கசடைத் தட்டி உதிர்த்து, தையல் ஒரே சீராக ஓடியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். கேள்விகளைத் தமிழிலேயே கேட்டார். செய்த வேலைகளின் படங்களையும் முதலாளியின் கடிதத்தையும் சேர்த்து வைத்திருந்தது பெரிதும் உதவியது.

பதில் 3: ஓய்வுபெற்ற அதிபர், பதுளை

மேலே சொன்னவற்றில் எனக்கு மறுப்பில்லை. ஆனாலும் ஒரு கவலை உண்டு. கணிதம் வராதவன் என்றால் தொழிற்பயிற்சி, தோட்டத்துப் பையன் என்றாலும் தொழிற்பயிற்சி என்று நாமே முத்திரை குத்திவிடக் கூடாது. கணித ஆசிரியரே இல்லாமல் இரண்டு வருடம் கழிந்த பாடசாலையில் அவன் சித்தியடையாதது அவன் குற்றமா? இரண்டாம் முறை எழுத வையுங்கள். 2017இல் தொடங்கிய 13 வருடக் கல்வித் திட்டத்தில், சாதாரண தரப் பெறுபேறு எப்படியிருந்தாலும் தொழிற்பாடப் பிரிவில் உயர்தர வகுப்பைத் தொடரலாம். எல்லாப் பாடசாலைகளிலும் அப்பிரிவு இல்லை என்பதால் வலயக் கல்விப் பணிமனையில் கேட்டறியுங்கள். பதினாறு வயதுவரை கல்வி கட்டாயம் என்பதையும் பெற்றோரிடம் அழுத்திச் சொல்லலாம். 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அந்த வயதுக்குக் குறைந்தவனை வேலைக்கு வைப்பதும் குற்றம்.

அக்கரப்பத்தனை ஆசிரியர்

மூவருக்கும் நன்றி. பஸ் காசு விடயத்தைப் பழைய மாணவர் சங்கத்தில் பேசப் போகிறேன். விண்ணப்பத்துக்கு அடையாள அட்டை கட்டாயமா? எங்கள் பையன்களில் சிலரிடம் பிறப்புச் சான்றிதழே சரியாக இல்லை.

தொழிற்பயிற்றுநர், ஹட்டன்

கட்டாயம் கேட்பார்கள். பதினைந்து வயது நிறைந்தவர்கள் பாடசாலையில் இருக்கும்போதே அதிபர் ஊடாக விண்ணப்பித்துவிடுவது சுலபம். விலகிய பிறகு கிராம சேவகரிடமும் தோட்ட அலுவலகத்திலும் அலைய வேண்டிவரும். பிறப்புச் சான்றிதழில் தந்தையின் பெயர் ஒரு விதமாகவும் பாடசாலைப் பதிவில் வேறு விதமாகவும் இருந்தால் அதை முதலில் பிரதேச செயலகத்தில் திருத்துங்கள்.