பள்ளத்தூர் வளவு குழு: கேம்பாய்க்குப் புதுத் திரை, நாமே போடலாமா?

சோலை: எல்லாருக்கும் ஒரு சந்தேகம். பெட்டகசாலைல இருந்த பழைய கேம்பாய் அட்வான்ஸ் (நின்டெண்டோவோட கைல வச்சு ஆடுற கேம் கருவி) நல்லா ஓடுது. ஆனா ஸ்கிரீன் ஒரே இருட்டு, டியூப்லைட்டுக்கு நேரா புடிச்சாத்தான் தெரியுது. ஐ.பி.எஸ் ஸ்கிரீன் கிட் (பின்னாடி விளக்கு வச்ச புது ரகத் திரை) வாங்கி நானே மாத்தலாம்னு இருக்கேன். சால்டரிங் பழக்கம் இல்ல. செய்யலாமா?

சோலை: இல்ல, பசங்க சொல்ற மாதிரி நின்டெண்டோ சுவிட்ச் கேம் கருவில, பூட்டை உடைக்கிற சிப் போடுறதுலயே எறங்கிடலாமா?

மெய்யப்பன்: முதல்ல சொன்னதைச் செய்யலாம். ரெண்டாவது பக்கம் தலையே வைக்காத.

உமையாள்: அண்ணன் சொன்னதுதான் என் முடிவும். இருட்டா இருக்குறதை ரிப்பேர்னு நெனச்சுடாத சோலை. 2001-ல வந்தப்பவே அந்தத் திரைக்குப் பின்னாடி விளக்கு கெடையாது. வெளி வெளிச்சம் பட்டுத் திரும்பினாத்தான் படம். அட்வான்ஸ் வரிசைல 2003-ல வந்த எஸ்.பி-லதான் லைட் வச்சாங்க.

சோலை: அப்ப சுவிட்ச் ஏன் வேணாம் ஆச்சி?

உமையாள்: 2018 நடுவுக்கு முன்னாடி வந்த சுவிட்சுன்னா வலப்பக்கக் கன்ட்ரோலர் சொருகுற ரெயில்ல ஒரு பின்னை ஷார்ட் பண்ணியே பூட்டைத் தாண்டி உள்ள போயிடலாம். அதுக்கப்புறம் அந்த ஓட்டையை அடைச்சுட்டாங்க. இப்ப சிப் போடணும்னா பிராசசர் பக்கத்துல கடுகைவிடச் சின்னதா இருக்குற கெப்பாசிட்டர்ல மெல்லிசு எனாமல் கம்பியைப் பத்த வைக்கணும். மைக்ராஸ்கோப் இல்லாம அது ஆகாது. கெப்பாசிட்டர் பேந்து வந்துட்டா போர்டு போச்சு. தப்பாம போட்டாலும் ஆன்லைன்ல கண்டுபிடிச்சா அந்தக் கருவியவே தடை பண்ணிடுவாங்க.

அம்மான்: சட்டமும் ஒண்ணு இருக்கு. பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்துல 2012-ல சேர்த்த 65ஏ பிரிவு. பூட்டை உடைச்சு திருட்டு கேம் ஏத்துறது அதுக்குள்ள வரும். திரை மாத்துறதுக்கு அந்த வம்பு எதுவும் கிடையாது.

விசாலாட்சி: சிப்பு கிப்பு எல்லாம் ஒண்ணும் வேணாம்.

மெய்யப்பன்: சரி, விஷயத்துக்கு வாறேன். கத்துக்குறதுக்கு கேம்பாய் அட்வான்ஸ் மாதிரி தோது வேற இல்ல. பென்டார்ச் பேட்டரி ரெண்டு, மொத்தம் 3 வோல்ட். லித்தியம் இல்ல, வீட்டுக் கரண்டு உள்ள வராது. ஸ்கிரீன் ரிப்பன்ல சொருகுறதுதான், சால்டரிங் கட்டாயம் இல்ல. புதுசா வர்றவங்க சால்டரிங்கைப் பார்த்துத்தான் பயப்படுவாங்க. ஆனா பொருள் வீணாகுறது மூணு இடத்துலதான்: ஸ்குரூ தலை, ரிப்பன் பூட்டு, ஷெல் (வெளிக்கூடு) வெட்டுறது.

மெய்யப்பன்: ஸ்குரூ. பின்னாடி ஆறு, மூணு கால் முனை. பேட்டரி அறைக்குள்ள ஒண்ணு, சாதா ஸ்டார். மூணு கால் ஸ்குரூவுக்கு தட்டை முனை விட்டுத் திருகவே கூடாது, தலை மழுங்கிடும், அப்புறம் துளை போட்டுத்தான் எடுக்கணும். செல்போன் செட்டுல வர்ற 0.6 ஒய் முனை இதுக்குச் சின்னது, உள்ளயே சுத்தும். கேம்பாய்க்குன்னே விக்கிறதை வாங்கு. அமுக்குறது முக்காப் பங்கு, திருப்புறது காப் பங்கு.

மெய்யப்பன்: பேட்டரி அறை ஸ்குரூ மத்ததோட கலந்துடக் கூடாது, அதைத் தனியா வை.

உமையாள்: அண்ணே, எல், ஆர் பட்டனைச் சொல்லுங்க

மெய்யப்பன்: ஆமா. ஷெல்லைத் தூக்குனதும் ரெண்டு மூலைலயும் பட்டன் கழண்டுரும். அதுல குட்டிக் கம்பியும் ஸ்பிரிங்கும் இருக்கு. பட்டாலைல உக்காந்து பிரிச்சியோ, ஆத்தங்குடிப் பூக்கல்லுல அந்த ஸ்பிரிங் விழுந்தா ஏழு தலைமுறைக்கும் கெடைக்காது 😄 வெள்ளைத் துண்டு விரிச்சு, ஓரம் உசந்த எவர்சில்வர் தட்டுல வச்சுப் பிரி. பிரிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் போட்டோ எடு.

சோலை: சரிண்ணே. ரிப்பன் பூட்டுன்னா?

மெய்யப்பன்: திரைல இருந்து வர்ற தட்டைக் கேபிள் போர்டுல சொருகுற இடம். ரெண்டு ஓரத்துலயும் பிளாஸ்டிக் காது இருக்கும். ரெண்டையும் நகத்தால ஒரே அளவா, ஒரு மயிரிழைதான், இழுக்கணும். கேபிள் தானா வெளிய வரும். ஒரு பக்கம் மட்டும் இழுத்தா காது ஒடிஞ்சிரும். ஒடிஞ்சா கேபிள் நிக்காது, கனெக்டரையே மாத்தணும். அது உன் வேலை இல்ல, என் கடைக்கு வந்தாலும் பாதி நாள் வேலை.

உமையாள்: போர்டு ரெண்டு ரகம் இருக்கு சோலை, ஒண்ணு 32 பின், இன்னொண்ணு 40 பின். கிட்டுல ரெண்டுக்கும் ரிப்பன் இருக்கான்னு பார்த்து வாங்கணும். இல்லன்னா பிரிச்சு எண்ணிட்டு ஆர்டர் போடு. புது ரிப்பன் நேரா, கடைசி வரைக்கும் போகணும். கோணலா போனா பக்கத்துப் பின்னோட ஷார்ட் ஆகும். அதனால ஒவ்வொரு தடவை கழட்டி மாட்டும்போதும் பேட்டரியை வெளிய எடுத்துரு. பவர் ஆஃப் பண்ணினா போதும்னு இருக்காத.

உமையாள்: ஷெல் பத்தி. ஒரிஜினல் ஷெல்லுல திரை ஜன்னலைச் சுத்தி பிளாஸ்டிக் வரம்பு இருக்கும், பெரிய ஐ.பி.எஸ் பேனல் உக்காராது. யூடியூப்ல வெட்டித் தள்ளுவாங்க. நீ வெட்டாத. ஐ.பி.எஸ்ஸுக்குன்னே வெட்டி வர்ற ஷெல் இருக்கு, அதை வாங்கு. ஒரிஜினலைத் தொடைச்சு எடுத்து வை. கண்ணாடியும் பேனலும் ஒட்டியே வர்ற லேமினேட் கிட்டா எடு, உள்ள தூசி போகவே வழி இல்ல.

மெய்யப்பன்: புது ஷெல்லுல ஒரு தொந்தரவு. துளைக்குள்ள மரை இருக்காது, ஸ்குரூவே மரை போட்டுக்கிட்டுப் போகும். முதல் தடவை இறுக்கமா இருக்கும், அரைச் சுத்து உள்ள, கால் சுத்து வெளியன்னு போ. அடுத்த தடவை மூடும்போது முதல்ல இடப்பக்கம் திருப்பு, "டிக்"னு பழைய மரைல விழும், அப்புறம் வலப்பக்கம். இப்படிச் செய்யலைன்னா நாலாவது தடவைல தூண் அரிச்சு ஸ்குரூ சுத்திக்கிட்டே இருக்கும்.

உமையாள்: பட்டனுக்குக் கீழ வர்ற ரப்பரை மட்டும் மாத்தாத. கிட்டோட வர்றது பெரும்பாலும் வெறப்பா இருக்கும். பழையதை சோப்புத் தண்ணில அலசி நிழல்ல காய வை. போர்டுல கறுப்பா தெரியுற பட்டன் தடத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பட்ஸால மெதுவா தொடை. சொரண்டிடாத.

சோலை: பேட்டரி கம்பில வெள்ளையா பூத்துருக்கு, அதுவும் ஆல்கஹாலா?

அம்மான்: இல்லடா. அது அல்கலைன் செல் கசிஞ்சது. உள்ள இருக்குற பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வெளிய வந்து காத்துல கார்பனேட்டா ஆயிருக்கு. காரம், அதனால அமிலம்தான் கரைக்கும். பட்ஸ்ல சமையக்கட்டு வினிகரைத் தொட்டு அந்தக் கம்பில மட்டும் வை. நுரைச்சு அடங்கினதும் தண்ணி தொட்ட பட்ஸ், அப்புறம் ஆல்கஹால். வினிகரை அப்படியே விட்டுட்டா அது தன் பங்குக்கு அரிக்கும்.

அம்மான்: திரை மாத்தினவங்க பாதிப் பேரு "ஆன் ஆகுது, கொஞ்ச நேரத்துல தானா ரீசெட் ஆகுது"ம்பாங்க. கிட் மேல குத்தம் சொல்லுவாங்க. கணக்கு வேற. பின்னாடி விளக்கு வந்ததால மின்னோட்டம் கூடும். பழைய பவர் சுவிட்சு உள்ள கறுத்து ரெண்டு ஓம் தடை இருக்குன்னு வை. 200 மில்லியாம்பியர் ஓடினா 0.2 பெருக்கல் 2, 0.4 வோல்ட் அங்கேயே போச்சு. சார்ஜ் பண்ணுற நிக்கல் செல்லு ஒண்ணு 1.2, ரெண்டும் சேர்ந்து 2.4. அதுல 0.4 போனா 2 வோல்ட். போர்டு தாங்காம விழுந்துரும். பழைய திரைக்குக் கொஞ்சமா இழுத்ததால இது வெளிய தெரியல.

அம்மான்: அதனால திரைக்கு முன்னாடி சுவிட்சு. ஆல்கஹால் ரெண்டு சொட்டு விட்டு முப்பது நாப்பது தடவை ஆன், ஆஃப் தள்ளு. காய விடு. மல்ட்டிமீட்டர் இருந்தா செல்லு முனைல ஒரு அளவு, சுவிட்சு தாண்டி ஒரு அளவு, ஓடிக்கிட்டு இருக்கும்போதே எடு. வித்தியாசம் சொல்லிடும்.

சோலை: நிக்கல் செல் போடலாமா அம்மான்?

அம்மான்: தாராளமா. கசிவு பயம் குறைவு. ஆனா பச்சை விளக்கு சீக்கிரம் சிவப்பாயிடும், தீர்ந்துபோச்சுன்னு நெனச்சுடாத. அந்த விளக்கு அல்கலைன் வோல்ட்டேஜுக்குக் கணக்குப் போட்டு வச்சது. நிக்கல் செல்லு 1.2 பக்கத்துலயே ரொம்ப நேரம் நிக்கும். பழைய திரைல 15 மணி நேரம் வந்தது இனி வராது, அதுவும் தெரிஞ்சுக்க. இன்னொண்ணு. யு.எஸ்.பி-சி லித்தியம் பேக் போடுற கிட்டும் விக்கிறாங்க, இப்ப வேணாம். லித்தியம் செல்லுல ஸ்குரூ முனை ஏறினா தீ. உப்பின பேட்டரி இருக்குற எதையும் முதல் வேலையா எடுக்காத.

ஆயா: 🎤 குரல் செய்தி 0:06

விசாலாட்சி: ஆயா "கரண்டுல கைய வைக்காத ராசா"ன்னு சொல்றாக

மெய்யப்பன்: 3 வோல்ட்தான் ஆயா, ஒண்ணும் ஆகாது 🙏

சோலை: வெளிச்சம் கூட்டக் குறைக்க மூணு ஒயர் சால்டர் பண்ணணும்னு போட்டுருக்கே?

உமையாள்: அது விருப்பம்தான். டச் வச்ச கிட்டுன்னா ஷெல் மேல விரல் வச்சே மாத்திக்கலாம். பட்டன்ல மாத்தணும்னா செலக்ட், எல், ஆர் மூணுக்கும் ஒவ்வொரு ஒயர். போர்டுலயே டி.பி2, டி.பி9, டி.பி8னு எழுதியிருக்கும், அதே வரிசை. முதல்ல ஒயர் இல்லாம போட்டு விளையாடு. கை பழகினதும் இன்னொரு நாள் பிரி.

மெய்யப்பன்: பழகுறதுக்கு செத்துப்போன டிவி ரிமோட் போர்டு போதும். சார்ஜர், டிவி போர்டு வேணாம், அதுல கெப்பாசிட்டர் கரண்டைப் புடிச்சு வச்சிருக்கும். ஈயம் 63/37 (வெள்ளீயம் 63, காரீயம் 37), அது 183 டிகிரில உருகும். சூடு வைக்கிற அயர்னா வாங்கு, 330-ல இருந்து 350. முதல்ல ஒயர் நுனில ஈயம் ஏத்து, அப்புறம் பேடுல (போர்டுல ஒயர் ஒட்டுற செம்புப் பொட்டு) ஃபிளக்ஸ் (ஈயம் நல்லா புடிக்கத் தடவுற பசை) தடவி ஒரு பொட்டு ஈயம், அப்புறம் ரெண்டையும் சேர்த்து ரெண்டு செகண்டு. பிடிக்கலைன்னா எடுத்துட்டு ஆற விடு. அழுத்திக்கிட்டே நின்னா பேடு தோலா உரிஞ்சு வந்துரும். ரிமோட்ல பத்து ஒயர் இழுத்தா வராம நின்னாத்தான் கேம்பாய் பக்கம் வரணும்.

மெய்யப்பன்: சால்டரிங்கை வளவுல வானம் பார்த்த இடத்துல வச்சுக்க, புகை போயிடும். ஸ்கிரீன் ஒட்டுறதை உள் அறைல, ஃபேனை நிறுத்திட்டு.

உமையாள்: மூடுறதுக்கு முன்னாடி சோதனை. பேனலுக்குப் பின்னாடி இன்சுலேஷன் தாளோ காப்டன் டேப்போ (சூடு தாங்குற, கரண்டு கடத்தாத டேப்) ஒட்டு, ஒட்டாட்டி போர்டுல இருக்குற கால் எல்லாம் அதுல இடிக்கும். ரிப்பனை மாட்டி, ஷெல் மூடாம, செல்லை வச்சு ஆன் பண்ணு. கேசட் இல்லாமலே கேம்பாய்னு எழுத்து வரணும். வெறும் வெள்ளை, இல்ல கோடு கோடான்னா பத்துக்கு ஒன்பது ரிப்பன் சரியா உக்காரல. எழுத்து வந்து, சத்தமும் வந்தா மூடலாம்.

சோலை: ஆச்சி நீங்க பொங்கலுக்கு வர்றப்ப கிட்டும் ஷெல்லும் வாங்கிட்டு வர முடியுமா?

உமையாள்: வாங்கிட்டு வாறேன். திரை, ஷெல், மூணு கால் டிரைவர். அயர்ன், ஃபிளக்ஸ் அங்கேயே வாங்கு. கலர் சொல்லு. உள்ள தெரியுற கண்ணாடி ஷெல் கேக்காத, முதல் வேலைல டேப், ஒயர் எல்லாம் வெளிய காட்டிக் கொடுத்துரும்.

சோலை: அப்ப ஊதா

மெய்யப்பன்: கிட் கைக்கு வந்ததும் ரெண்டு ரிப்பனையும் போட்டோ எடுத்து இங்க போடு. பேனல் மேல இருக்குற பிளாஸ்டிக் தாளை மட்டும் ஆர்வத்துல உரிச்சுடாத, ஷெல்லுல வைக்கப் போற நிமிஷம்தான் உரிக்கணும்.