அலெக்சாந்தர் ஃபெர்ஸ்மன்: வைரப் படிகங்களிலிருந்து ஹிபினி மலைகளுக்கு

கேள்வி: நிலவியல் மாணவி

வணக்கம். பெரிய படிகங்களைக் கொண்ட பெக்மடைட் பாறைகள் குறித்த பாடத்தில் ரஷ்யக் கனிமவியலாளர் அலெக்சாந்தர் ஃபெர்ஸ்மனின் (1883–1945) பெயரைக் கண்டேன். அப்பாறைகள் குளிரும் நிலைகளை அவர் வகுத்தார் என்ற ஒரே வரியோடு பாடநூல் அவரைக் கடந்துவிடுகிறது. மேலும் தேடிப் படித்தபோது, இளமையில் வைரப் படிகங்களின் முகங்களை அளந்தவர், பிற்காலத்தில் ஆர்க்டிக் வட்டத்துக்கு அப்பால் உரத்துக்கான கனிமத்தைத் தேடி மலையேறியவராகவும் தெரிகிறார். இவை ஒன்றோடொன்று தொடர்பற்ற பணிகளா, அல்லது இவற்றை இணைக்கும் அறிவியல் கருத்து ஏதேனும் உண்டா? அவருடைய ஆசிரியர்களைப் பற்றியும் அறிய விரும்புகிறேன்.

பதில் 1: பாறைநேசன்

இணைக்கும் கருத்து நிச்சயமாக உண்டு. அது அவருடைய ஆசிரியர் வெர்னாட்ஸ்கியிடமிருந்து வந்தது.

ஃபெர்ஸ்மன் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தவர் எனினும், சிறுவயதுக் கோடைகளைக் கிரிமியாவில் கழித்து, அங்கேதான் கற்களைச் சேகரிக்கத் தொடங்கினார். ஒடெசாவில் கல்லூரிப் படிப்பைத் தொடங்கியபோது, பெயர்களையும் பண்புகளையும் அடுக்கிக்கொண்டே போன கனிமவியல் விரிவுரைகள் அவருக்குச் சலிப்பூட்டின. கலை வரலாற்றுக்கு மாறிவிடலாம் என்றுகூட எண்ணினார். 1903இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்துக்கு வந்து விளாதிமிர் வெர்னாட்ஸ்கியின் மாணவரானதே அவர் வாழ்வின் திருப்பம். கனிமம் என்பது முடிந்துபோன பொருளன்று, புவியின் உள்ளே தனிமங்கள் மேற்கொள்ளும் நெடும் பயணத்தில் சிறிது காலம் தங்கும் இடமே என்று வெர்னாட்ஸ்கி கற்பித்தார். ஃபெர்ஸ்மன் பின்னாளில் செய்த அனைத்துக்கும் இதுவே அடித்தளம் என்பது என் கருத்து.

1907இல் பட்டம் பெற்றபின் ஹைடல்பெர்க் சென்று விக்டர் கோல்ட்ஷ்மிட்டோடு இணைந்து வைரப் படிகங்களை ஆராய்ந்தார்; அந்த ஆய்வு 1911இல் ஜெர்மன் மொழியில் நூலாக வந்தது. அக்காலத்தில் எல்பா தீவின் பெக்மடைட்டுகளை நேரில் கண்டது, வாழ்நாள் முழுவதும் அவரைத் தொடர்ந்த ஆர்வமாக வளர்ந்தது. 1912இல் மாஸ்கோவின் ஷன்யாவ்ஸ்கி மக்கள் பல்கலைக்கழகத்தில் அவர் நடத்திய புவி வேதியியல் (புவியில் தனிமங்களின் பரவலையும் நகர்வையும் ஆராயும் துறை) விரிவுரைத் தொடர், அத்துறையின் முதல் பாடமாகக் கருதப்படுகிறது.

பெக்மடைட்டை அவர் ஏன் தேர்ந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். கிரானைட் உருகல் இறுகும்போது, முதலில் உருவாகும் கனிமங்களின் கட்டமைப்பில் இடம் கிடைக்காத பெரிலியம், லித்தியம், போரான், ஃபுளோரின் முதலியவை, நீரோடு சேர்ந்து, எஞ்சியிருக்கும் சிறிதளவு உருகலில் செறிகின்றன. பெரில், புஷ்பராகம், டூர்மலின் போன்ற கற்கள் பெருத்து வளர்வது அதனால்தான். வெப்பநிலை இறங்க இறங்க எந்தக் கட்டத்தில் எவை தோன்றும் என்பதை 1931இல் வெளியிட்ட பெருநூலில் அவர் வரிசைப்படுத்தினார். அந்த வரிசையைத் தெரிந்துகொண்டவர் ஒரு கனிமத்தைக் கண்டால், அருகில் வேறு எவற்றைத் தேடலாம் என்று ஊகிக்க முடியும். பாடநூலின் அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் இருப்பது இதுதான்.

நிலவியல் மாணவி

மிக்க நன்றி, ஐயா. தனிமங்களைப் புவி வேதியியல் முறையில் வகைப்படுத்திய கோல்ட்ஷ்மிட்டும் ஹைடல்பெர்க் ஆசிரியரும் ஒருவரேயா?

பதில் 2: வடதிசை

அல்லர், அம்மா. ஹைடல்பெர்க்கில் இருந்தவர் 1853இல் பிறந்த படிகவியலாளர். நீங்கள் குறிப்பிடுபவர் 1888இல் பிறந்து ஆஸ்லோவில் பணியாற்றியவர். பெயர் ஒன்றாக இருப்பதால் பலரும் இருவரையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஆர்க்டிக் வட்டத்துக்கு அப்பால் நீங்கள் குறிப்பிட்ட மலைகளான ஹிபினி பற்றிச் சொல்கிறேன். 1920 மே மாதத்தில் முர்மன்ஸ்க் ரயில் பாதை வழியே சென்ற அறிவியல் குழு ஒன்றில் ஃபெர்ஸ்மன் இருந்தார். இமாந்த்ரா நிலையத்தில் ரயில் நின்ற பொழுதில் அருகிலிருந்த சரிவில் ஏறிப் பார்த்தவர், அங்கே கண்ட அரிய கனிமங்களால் ஈர்க்கப்பட்டு, அவ்வாண்டே ஒரு சிறு குழுவைத் திரட்டிக்கொண்டு திரும்பினார். உள்நாட்டுப் போர் முடியாத காலம். உணவும் உடையும் போதவில்லை. அடுத்தடுத்த ஆண்டுகளில் லபுந்த்சோவ் முதலான கூட்டாளிகளோடு நடத்திய தேடலில் அப்படைட் எனும் கால்சியம் பாஸ்பேட் கனிமம் பேரளவில் இருப்பது உறுதியானது. அதுவரை பாஸ்பேட்டை இறக்குமதி செய்த நாட்டுக்கு உரத்தின் மூலப்பொருள் சொந்த மண்ணிலேயே கிடைத்தது. உடன் கிடைத்த நெஃபெலின் எனும் கனிமத்திலிருந்து அலுமினியம் எடுக்கலாம் என்பதால், ஒரே தாதுவின் எல்லாக் கூறுகளையும் பயன்படுத்த வேண்டும் என்று ஃபெர்ஸ்மன் ஓயாமல் வாதிட்டார்.

இதன் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. 1929இல் அப்படைட் நிறுவனம் தொடங்கப்பட்டு, இன்று கிரோவ்ஸ்க் எனப்படும் ஹிபினகோர்ஸ்க் நகரம் எழுந்தபோது, அங்கு உழைத்தவர்களில் பெரும்பகுதியினர் நிலம் பறிக்கப்பட்டு, ஊரைவிட்டுக் கட்டாயமாக அங்கே அனுப்பப்பட்ட விவசாயக் குடும்பத்தினர். துருவப் பனியில் கூடாரங்களிலும் கொட்டகைகளிலும் அவர்கள் தங்கவைக்கப்பட்டார்கள். குழந்தைகள் உட்படப் பலர் இறந்தார்கள். அந்த நிறுவனத்தை நடத்திய கோந்த்ரிகோவும் 1937இல் சுட்டுக் கொல்லப்பட்டார். ஃபெர்ஸ்மனின் அறிவியல் சாதனை பெரிது. ஆனால் அந்தச் சுரங்கம் யாருடைய உழைப்பால் எழுந்தது என்பதைச் சொல்லாத வாழ்க்கை வரலாறு முழுமையானதன்று.

பதில் 3: மணிக்கல்

அவருடைய இரத்தினக்கல் பணியை யாரும் தொடவில்லை. புரட்சிக்குப் பின், 1922இல், ஜார் மன்னர்களின் மணிகளை ஆராய்ந்து மதிப்பிட்ட நிபுணர் குழுவை வழிநடத்தியவர் ஃபெர்ஸ்மன்தான். பின்னர் வெளியான, அந்த அரச மணிகளின் தொகுப்பான வைர நிதியத்தின் பட்டியலும் அவர் மேற்பார்வையில் உருவானது. அத்தொகுப்பில் உள்ள 88.7 காரட் ஷா வைரத்தில், 1591இல் அகமதுநகர் சுல்தானின் பெயரும் 1641இல் ஷாஜகானின் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளன. ஒரு வைரத்தை இன்னொரு வைரத்தின் துகளால்தான் கீற முடியும் என்பதை நினைத்தால் அந்த எழுத்துகளின் அருமை புரியும். ஏறத்தாழ 190 காரட் எடையுள்ள ஓர்லோவ் வைரமும் அங்குதான் இருக்கிறது. அது திருவரங்கம் கோயில் சிலையின் கண்ணிலிருந்து பெயர்த்து எடுக்கப்பட்டது என்ற கதையை நம்மவர்கள் அறிவார்கள். கதை என்ற அளவிலேயே அதை வைத்துக்கொள்வது நல்லது.

ஃபெர்ஸ்மனுக்கு 1943இல் லண்டன் நிலவியல் கழகம் வொல்லஸ்டன் பதக்கம் வழங்கியது. நான்கு பகுதிகளாக அவர் எழுதிய புவி வேதியியல் நூல் 1930களில் வெளிவந்தது. 1945 மே 20 அன்று சோச்சியில் காலமானார். ஃபெர்ஸ்மைட், ஃபெர்ஸ்மனைட் என்னும் இரு கனிமங்கள் அவர் பெயரைத் தாங்குகின்றன; அவற்றுள் இரண்டாவது ஹிபினியிலேயே கண்டெடுக்கப்பட்டது. நீங்கள் படிக்கத் தொடங்குவதாயின், பொதுமக்களுக்காக அவர் எழுதி, மறைவுக்குப் பின் வெளியான புவி வேதியியல் நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பைத் தேடிப் பாருங்கள். 1950களில் மாஸ்கோவில் அச்சான பதிப்பு பழைய நூலகங்களில் கிடைக்கக்கூடும்.