ரெட்டினைடிஸ் பிக்மென்டோசாவும் காது மந்தமும்: தொடர்பு உண்டா?

கேள்வி: தம்பிக்கு ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா (விழித்திரை மெல்லச் சிதையும் மரபணுக் கண்நோய்) என்று சொல்லிவிட்டார்கள், இருட்டில் சுத்தமாகத் தெரியவில்லை, பக்கவாட்டுப் பார்வையும் குறைகிறது. பிறந்ததிலிருந்தே காதும் கொஞ்சம் மந்தம். இரண்டும் ஒரே கோளாறா? குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லையே!

பதில் 1: இருக்கலாம். கண்ணும் காதும் சேர்ந்தால் முதலில் அஷர் சிண்ட்ரோமைத்தான் (பார்வையையும் கேட்கும் திறனையும் சேர்த்துப் பாதிக்கும் மரபணுக் கோளாறு) சந்தேகிப்பார்கள். வேறு யாருக்கும் இல்லை என்று ஒதுக்கிவிடாதீர்கள், அம்மா அப்பா இருவரிடமும் அதே மரபணுவின் பழுதான பிரதி ஒன்று வெளியே தெரியாமல் இருந்தாலே ஒவ்வொரு குழந்தைக்கும் 25% வாய்ப்பு உண்டு.

பதில் 2: காதோடு நிறுத்தாதீர்கள். கூடுதல் விரல், உடல் பருமன், சிறுநீரகக் கோளாறு இருந்தால் பார்டெட்-பீடல் சிண்ட்ரோம் (பல உறுப்புகளைப் பாதிக்கும் மரபணுக் கோளாறு) பக்கம் பார்ப்பார்கள். அப்புறம் ரெஃப்சம் நோய், அதாவது உணவில் வரும் ஃபைட்டானிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தை உடலால் சிதைக்க முடியாமல் அது சேர்ந்துவிடும் நோய். அரிதுதான், ஆனால் தவறவிடக் கூடாதது, ஏனென்றால் ஃபைட்டானிக் அமிலம் உள்ள உணவைக் குறைத்தே அதை மட்டுப்படுத்தலாம்.

பதில் 3: ஊகம் போதும், மரபணுப் பரிசோதனைக்குக் கேளுங்கள்.