பக்கவாதம் வந்தபின் வேலைக்குத் திரும்பியவர்கள் இருக்கிறீர்களா?

எனக்கு 44 வயதில் பக்கவாதம் வந்தது. மூளையின் இடப்பக்க ரத்தக்குழாயில் அடைப்பு. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் கொஞ்சம் போனது. கணக்குப் பிரிவில் வேலை. ஐந்து மாதத்தில் நடை திரும்பிவிட்டது. பேசும்போது மட்டும் அவ்வப்போது ஒரு சொல் தொண்டை வரை வந்து நின்றுகொள்ளும்.

பக்கவாதத்துக்குப் பின் ஒருவர் எந்த அளவுக்குத் தேறியிருக்கிறார் என்று பார்க்க ரேங்கின் அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது. 0 என்றால் ஒரு குறையும் இல்லை, 6 என்றால் இறப்பு. எனக்கு 2 போட்டிருந்தார்கள். தன் காரியங்களைத் தானே பார்த்துக்கொள்வார், ஆனால் முன்பு செய்த எல்லாவற்றையும் செய்ய முடியாது என்று அர்த்தம். முதல் பாதியைக் கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். என் வேலை இரண்டாவது பாதியில் இருக்கிறது என்று அப்போது உறைக்கவில்லை.

உண்மையைச் சொன்னால், உடம்பு தயாராகி நான் போகவில்லை. மருத்துவ விடுப்பு தீர்ந்து, சம்பளமில்லா விடுப்பில் இரண்டு மாதம் ஓடி, சேமிப்பு கரைந்துவிட்டது. அதனால் போனேன்.

முதல் நாள் எல்லோரும் "பார்த்தா தெரியவே இல்லையே" என்றார்கள். பதினொரு மணிக்கு மேல் எனக்குத் தெரிந்தது. 69 எது, 96 எது என்று பிடிபடவில்லை. தூக்கக் கலக்கம் இல்லை, தலைக்குள் ஃபியூஸ் போனதுபோல ஒரு அசதி. கை கால் நன்றாகத் தேறியவர்களுக்கும் இது வரும், தூங்கி எழுந்தாலும் போகாது என்று பிசியோதெரபிஸ்ட் பிறகுதான் சொன்னார். நொண்டிக்கொண்டு போயிருந்தால் யாராவது நாற்காலியை நகர்த்திக் கொடுத்திருப்பார்கள். அசதி யார் கண்ணுக்கும் தெரியாதே.

அப்புறம் கையெழுத்து. கை திரும்பியது, கையெழுத்து திரும்பவில்லை. வங்கியில் என் கணக்கில் என் பணத்தை எடுக்கப் போட்ட படிவம், கையெழுத்து பொருந்தவில்லை என்று இரண்டு முறை திரும்பி வந்தது. சரி, மாதிரிக் கையெழுத்தை மாற்றித் தாருங்கள் என்றேன். அந்த விண்ணப்பத்திலும் பழைய கையெழுத்தைப் போடச் சொன்னார்கள்! அங்கே சிரித்துவிட்டு வெளியே வந்து அழுதேன். (காரணமே இல்லாமல் அழுகை வருவதும் இந்த நோயில் உண்டு. அன்றைக்குக் காரணம் இருந்தது.)

பிரிவுத் தலைவர் நல்லவர். இரண்டு மாதம் காலை மட்டும் வரச் சொன்னார், தொலைபேசியை வேறொருவரிடம் கொடுத்தார். அது இல்லையென்றால் முதல் மாதமே ராஜினாமா எழுதிக் கொடுத்திருப்பேன். ஆனால் அரை நாளுக்கு அரைச் சம்பளம்தான். கடனில் அரைத் தவணை கிடையாது. நீங்களெல்லாம் எப்படிச் சமாளித்தீர்கள்?

*

அக்கா, எங்கள் பட்டறையில் அரை நாள் என்கிற பேச்சே இல்லை. நான் லேத் ஆபரேட்டர். கையில் பலம் அப்படியே இருக்கிறது, ஆனால் இரண்டு கண்ணிலும் இடப்பக்கப் பாதி தெரியாது. லேத்தில் இரும்பைக் கவ்விப் பிடித்துச் சுற்றுகிற சக் இருப்பது ஆபரேட்டருக்கு இடப்பக்கம். அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

சூப்பர்வைசர் அண்ணன்தான் யோசித்து, முடிந்த பாகங்களை மைக்ரோமீட்டரில் அளந்து பார்க்கிற வேலையில் உட்கார வைத்தார். தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து அளக்கிறேன், தப்பு வரவில்லை. ஆனால் பீஸுக்கு இவ்வளவு என்ற கூலி போச்சு, ஓவர்டைமும் போச்சு. வண்டி ஓட்டவும் கூடாது என்றுவிட்டார்கள், போக வர ஆகும் செலவு தனி. வேலைக்குத் திரும்பியவன் கணக்கில் என்னையும் சேர்ப்பார்கள். வருமானம் திரும்பவில்லை.

*

நீங்கள் இரண்டு பேரும் வேலைக்குத் திரும்பியவர்கள். நான் வேலையை விட்டவள். பக்கவாதம் வந்தது என் கணவருக்கு.

அவர் காப்பீட்டு முகவர். பேச்சுதான் பிழைப்பு. பேச்சுதான் போனது, அறிவு போகவில்லை. வீட்டுக்கு வந்த வாடிக்கையாளர்கள் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே "அவருக்குப் புரியுதா?" என்று என்னைக் கேட்டார்கள். அவர் எழுந்து உள்ளே போய்விடுவார். மூன்று மாதத்தில் பாதிப் பேர் வேறு முகவரிடம் போய்விட்டார்கள். சொந்தத் தொழிலில் மருத்துவ விடுப்பு ஏது?

பயிற்சிக்குக் கூட்டிப் போக, குளிக்க வைக்க என்று பத்து மாதம் வீட்டில் இருந்தேன். என் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. ஒருவருக்கு வந்த நோயில் இரண்டு சம்பளம் போனது.

*

நான் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன். எங்கள் பிரிவில் ஒருவர் இப்படித் திரும்பி வந்தபோது, முழுத் தகுதிச் சான்று இல்லாமல் சேர்க்க முடியாது என்றேன். விதி அப்படி, நானும் அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவர் ஆறு வாரம் வீட்டிலேயே இருந்தார், பிறகு வரவேயில்லை.

ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை 2006இல் ஏற்கப்பட்டது. வேலையில் இருக்கும்போது குறைபாடு வந்தவருக்கும் வேலை உரிமை உண்டு, அவருக்கு ஏற்றபடி பணியிடத்தை மாற்றித் தர வேண்டும் என்று அதன் 27ஆம் பிரிவு சொல்கிறது. இதைப் பின்னால்தான் படித்தேன். இப்போது மருத்துவரிடம் தகுதி உண்டா இல்லையா என்று கேட்பதில்லை. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், எந்த வேலை கூடாது என்று ஒரு படிவத்தில் எழுதி வாங்குகிறேன்.

*

முதலில் கேட்டவள்தான். சார், அந்தப் படிவத்தில் ஒரு நகல் கிடைக்குமா? எங்கள் அலுவலகத்தில் காட்ட வேண்டும்.

சகோதரி, உங்கள் கணவருக்கு ஒன்று சொல்லுங்கள். தொலைபேசியை எடுப்பதற்கு முன் சொல்ல வேண்டியதைச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னார் என் பேச்சுப் பயிற்சியாளர். முதலில் எழுதியது இன்னும் என் மேசையில் ஒட்டியிருக்கிறது: "கொஞ்சம் பொறுங்கள், எனக்குப் புரிகிறது, சொல் வர நேரமாகும்."