அடுக்கு மீக்கடத்திகளில் நிகழ்வது மாசூட்டலா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பொருளின் மின்கடத்தும் பண்பை மாற்ற அதில் அணுக்களைச் சேர்க்கும் ‘டோப்பிங்’ (doping) என்பதற்குப் பள்ளிப் பாடநூல்களில் உள்ள ‘மாசூட்டல்’ என்னும் சொல்லையே, தாழ்ந்த வெப்பநிலையில் மின்தடையே இன்றி மின்சாரத்தைக் கடத்தும் மீக்கடத்திகளுக்கும் வைத்துக்கொள்ளலாம் என்ற கருத்து இங்கே முன்வைக்கப்பட்டது. வழக்கில் ஊன்றிவிட்ட சொல்லைக் காரணமின்றி மாற்றக் கூடாது என்பதில் எனக்கும் உடன்பாடே. ஆனால் அடுக்கு அமைப்புள்ள மீக்கடத்திகளைப் பற்றித் தமிழில் இரண்டு பக்கம் எழுத முற்பட்டபோது, அந்தச் சொல் பொருளை விளக்காமல் திரித்துவிடுவதைக் கண்டேன். தடை ‘ஊட்டல்’ என்ற பகுதியில் இல்லை. ‘மாசு’ என்ற பகுதியில்தான் இருக்கிறது.

சிலிக்கானில் இந்தச் சொல் பிறந்ததற்கு நியாயம் உண்டு. மிகத் தூய்மையாக வளர்த்த படிகத்தில் பத்து லட்சம் அணுக்களுக்கு ஒன்று என்ற அளவில் பாஸ்பரஸ் சேர்ந்தாலே மின்கடத்தல் பன்மடங்கு உயர்கிறது. அவ்வளவு அரிதாகப் புகும் வேற்றணுவை மாசு என்று அழைத்தால் எவரும் குழம்புவதில்லை. 1986இல் இயற்பியலாளர்கள் பெட்நோர்ட்சும் முல்லரும் மீக்கடத்துதிறனைக் கண்ட லாந்தனம் காப்பர் ஆக்சைடு வகைப் பொருள்களின் நிலை வேறு. அவற்றின் மூலப்பொருளின் வாய்பாட்டில் லாந்தனம் இரண்டு, தாமிரம் ஒன்று, ஆக்சிஜன் நான்கு. நூறு வாய்பாட்டு அலகுகளை எடுத்துக்கொண்டு அவற்றிலுள்ள 200 லாந்தனம் அணுக்களில் 15ஐ நீக்கி, அந்த இடங்களில் ஸ்ட்ரான்ஷியத்தை அமர்த்துவோம். லாந்தனம் மூன்று எலக்ட்ரான்களைக் கொடுக்கும், ஸ்ட்ரான்ஷியம் இரண்டை மட்டுமே கொடுக்கும். ஆகவே கணக்கில் 15 எலக்ட்ரான்கள் குறைகின்றன. அந்தக் குறை ஸ்ட்ரான்ஷியத்தின் அருகிலேயே தங்கிவிடாமல், தாமிரமும் ஆக்சிஜனும் சேர்ந்த தளங்களுக்குப் போய், நூறு தாமிர அணுக்களுக்கு 15 துளைகளாக, அதாவது எலக்ட்ரான் இல்லாத வெற்றிடங்களாக, பரவுகிறது.

இந்த எண்ணிக்கைதான் பொருளின் தன்மையைத் தீர்மானிக்கிறது. துளை எதுவும் இல்லாத மூலப்பொருள், எதிர்ஃபெரோகாந்த ஒழுங்குடைய (அடுத்தடுத்த அணுக்களின் காந்தத் திசைகள் எதிரெதிராக அமைந்த) ஒரு மின்காப்பி. நூறு தாமிரத்துக்கு இரண்டு துளைகள் வந்ததும் அந்த நெடுந்தொலைவுக் காந்த ஒழுங்கு குலைகிறது. ஐந்தாறு துளைகளில் மீக்கடத்துதிறன் தலைகாட்டுகிறது. 15, 16ஐ ஒட்டி மாறுநிலை வெப்பநிலை, அதாவது மீக்கடத்துதிறன் தொடங்கும் வெப்பநிலை, 38 கெல்வின் என்ற உச்சத்தைத் தொடுகிறது. 27ஐத் தாண்டினால் மீக்கடத்துதிறன் மறைந்து, பொருள் சாதாரண உலோகத்தைப் போல நடந்துகொள்கிறது. ஒரே பொருளை இத்தனை நிலைகளுக்கும் நடத்திச் செல்லும் செயலை ‘மாசு சேர்த்தல்’ என்று எழுதினால், படிப்பவர் தூய்மைக் கேடு என்றல்லவா எண்ணிக்கொள்வார்?

யிட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடு இன்னும் கடினமான சோதனை. வாய்பாட்டுக்கு ஆறு ஆக்சிஜன் உள்ள நிலையில் அது மின்காப்பி. ஏழை நெருங்கும்போது 92, 93 கெல்வினில், அதாவது திரவ நைட்ரஜனின் கொதிநிலையான 77 கெல்வினுக்கு மேலேயே, மீக்கடத்தி. ஆறிலிருந்து ஏழுக்குக் கொண்டுவர, அந்தக் கறுப்பு வில்லையை உலையில் வைத்து ஆக்சிஜன் ஓட்டத்தில் மெல்லக் குளிர்விப்பார்கள். அணு நிறைகளைக் கூட்டிப் பார்த்தால், ஆறு ஆக்சிஜன் நிலையில் ஒரு கிராம் இருந்த வில்லை ஏழை எட்டும்போது ஏறத்தாழ 25 மில்லிகிராம் கூடியிருக்க வேண்டும்; நல்ல தராசில் நிறுத்தே காணக்கூடிய வேறுபாடு இது. இங்கே வெளியிலிருந்து புதுத் தனிமம் எதுவும் நுழையவில்லை. பொருளில் முன்பே உள்ள தனிமமான ஆக்சிஜன்தான் கூடுதலாக வந்து, தாமிரமும் ஆக்சிஜனும் சேர்ந்த சங்கிலிகளில் காலியாக இருந்த இடங்களை நிரப்பியது. இதில் மாசு எது?

உண்மையான மாசும் இந்தத் துறையில் உண்டு என்பதால்தான் இதை வலியுறுத்துகிறேன். தாமிரத் தளத்திலேயே தாமிரத்துக்குப் பதில் துத்தநாகம் புகுந்தால், இரண்டின் மின்னேற்றமும் ஒன்றே என்பதால் துளைகளின் எண்ணிக்கை மாறுவதில்லை. ஆனால் லாந்தனம் குடும்பத்தில் தாமிர இடங்களில் நூற்றுக்கு மூன்றளவில் துத்தநாகம் அமர்ந்தாலே மீக்கடத்துதிறன் ஏறக்குறைய அழிந்துவிடுகிறது. அதற்கு ‘மாசு’ என்ற சொல் வேண்டும். வளர்க்கும் ஸ்ட்ரான்ஷியத்துக்கும் கெடுக்கும் துத்தநாகத்துக்கும் ஒரே பெயர் வைத்தால், இரண்டையும் வேறுபடுத்தும் வாக்கியத்தை எப்படி எழுதுவது?

எனவே முன்னொட்டை விட்டுவிட்டு, ‘ஊட்டல்’ என்பதையே வேராகக் கொள்ளலாம் என்பது என் முன்மொழிவு. வண்ணமூட்டல், புகையூட்டல், அரக்கூட்டல் என்று, ஒன்றின் தன்மை மற்றொன்றில் ஏறிப் பரவுவதற்கு இந்த வினை நெடுங்காலமாக வழங்கிவருகிறது. துளை கூடினால் ‘துளையூட்டல்’. நியோடிமியம் காப்பர் ஆக்சைடில் நியோடிமியம் இடத்தில் சீரியத்தை வைத்து எலக்ட்ரானைக் கூட்டி, 1989இல் 24 கெல்வின் அளவில் மீக்கடத்துதிறன் பெற்றார்களே, அது ‘எலக்ட்ரானூட்டல்’. செயலுக்கு உதவும் அணு ‘ஊட்டணு’. உச்சத்துக்கு முன்னும் உச்சத்திலும் பின்னும் உள்ளவை குறையூட்ட நிலை, உகந்த ஊட்ட நிலை, மிகையூட்ட நிலை. பழைய சொல்லை வைத்து இவற்றை ஆக்கினால் ‘உகந்த மாசு நிலை’ என்று வரும். அதைச் சிரிக்காமல் வகுப்பில் சொல்ல என்னால் முடியாது.

மின்னேற்றத்தைக் குறிக்கும் ‘மின்னூட்டம்’ என்ற சொல்லோடு இது மோதாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். பொருத்தமான கேள்விதான். ஊட்டலுக்குப் பின்னும் படிகம் மொத்தத்தில் மின்நடுநிலையிலேயே இருக்கிறது என்பதை முதல் முறை எழுதும்போது ஒரு வரியில் சொல்லிவிடலாம். என் கட்டுரைகளில் ‘மின்னேற்றம்’ என்பதையே பயன்படுத்துவதால் எனக்கு மோதல் எழவில்லை.

எல்லாவற்றையும் இந்தச் சொல்லுக்குள் அடக்கவும் வேண்டாம். இரும்பு வகை அடுக்கு மீக்கடத்தியான பேரியம் இரும்பு ஆர்செனைடில் பேரியத்துக்குப் பதில் பொட்டாசியத்தை வைத்தால் துளையூட்டல், இரும்புக்குப் பதில் கோபால்ட்டை வைத்தால் எலக்ட்ரானூட்டல். ஆர்செனிக்குக்குப் பதில் அதே குடும்பத்துப் பாஸ்பரஸை வைத்தாலும் 30 கெல்வின் அளவில் மீக்கடத்துதிறன் பிறக்கிறது. ஆனால் அங்கே மின்சுமப்பிகளின் (துளைகள், எலக்ட்ரான்கள்) எண்ணிக்கை மாறுவதில்லை, சிறிய அணு வந்து அணிக்கோவையை, அதாவது அணுக்களின் ஒழுங்கான வரிசையமைப்பை, இறுக்குகிறது. ஆங்கிலத்தில் இதையும் டோப்பிங் என்றே பலரும் எழுதிவிடுகிறார்கள். நாம் ‘பதிலீடு’ என்று மட்டும் சொல்வோம். அடுக்குகளுக்கு நடுவே அணுவைப் புகுத்துவது ‘இடைச்செருகல்’. அதனால் மின்சுமப்பிகள் கூடினால் மட்டுமே ஊட்டலும் ஆகும். மாறாக, அணு எதையும் சேர்க்காமல் மின்புலத்தால் மட்டும் மின்சுமப்பிகளைத் திரட்டினாலும் அது ஊட்டலே.

குறைக்கடத்திப் பாடத்தில் மாசூட்டல் இருந்தபடியே இருக்கட்டும். எனக்கு இன்னும் அமையாத சொல் ஒன்றுண்டு: தாமிரத் தளங்களுக்கு அப்பால் நின்று அவற்றுக்குத் துளைகளை வழங்கும் அடுக்குகளுக்குத் ‘தேக்கடுக்கு’ என்று எழுதிப் பார்த்தேன். தேக்கு மரம் நினைவுக்கு வருகிறது என்று உடனே ஒரு மறுப்பு வந்தது. ‘வழங்கடுக்கு’ என்றால் செவிக்குப் பொருந்துகிறதா?